மலை ஏறத் திணறும் பழைய பிக்கப்: என்ஜின் மாற்றுமுன் போட வேண்டிய கணக்கு

கொல்லிமலையில் மளிகைக் கடை நடத்துகிறவர்களுக்குக் கடைக் கவலையில் பாதி வண்டிக் கவலைதான். அரிசி, பருப்பு, சர்க்கரை, எண்ணெய் டின், உப்பு, சோப்பு என்று விற்கிற சரக்கில் பெரும்பகுதி கீழேயிருந்து வந்தாக வேண்டும். காரவள்ளி அடிவாரத்தில் தொடங்கி 70 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டினால்தான் அது சோளக்காட்டுக்கும் செம்மேட்டுக்கும் வந்து சேரும். திரும்பும்போது பருவத்தைப் பொறுத்துப் பலா, அன்னாசி, வாழை, மரவள்ளிக்கிழங்கு, மிளகு, காப்பிக்கொட்டை என்று வண்டி நிறையச் சரக்கு கீழே போகும்.

எங்கள் கடையில் இருப்பது பழைய மஹிந்திரா பிக்கப். பெஜோ டீசல் என்ஜின் பொருத்தியது. சமவெளியில் அதன் மேல் ஒரு குறையும் சொல்ல முடியாது. நாமக்கல்லில் சரக்கை ஏற்றிக்கொண்டு சேந்தமங்கலம் தாண்டி அடிவாரம் வரும்வரை நன்றாகவே வரும். வளைவுகள் தொடங்கியதும் பெருமூச்சு விட ஆரம்பித்துவிடும். ஒவ்வொரு வளைவிலும் முதல் கியர், கரும்புகை, மேலே போகப் போக வெப்பமானியின் முள் ஏறிக்கொண்டே போகும். பின்னால் பேருந்து வந்து ஹாரன் அடித்தால், கடைப் பையன் கட்டையை எடுத்துக்கொண்டு இறங்கிப் பின் சக்கரத்தருகே நடந்து வர வேண்டிய நிலை. வண்டி நின்று பின்னால் உருண்டால் கட்டை போடுவதற்குத்தான் அவன். வளர்ந்து வரும் பிள்ளையை அந்த இடத்தில் நடக்கவிடுவது எங்கள் மனதை உறுத்திக்கொண்டே இருந்தது.

பார்த்தவர்கள் எல்லோரும் சொன்ன யோசனை ஒன்றுதான்: "என்ஜினை மாத்திப்போடுங்க." எந்த என்ஜின் என்று கேட்டால் மட்டும் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். சில மாதங்கள் பட்டறை பட்டறையாக அலைந்து, கேட்டு, கணக்குப் போட்டுப் பார்த்ததில் தெரிந்துகொண்டதை, இதே நிலையில் இருக்கும் நம் சக வணிகர்களுக்காக இங்கே எழுதுகிறோம்.

முதலில் வண்டியைப் பார்க்க வேண்டும்

"வண்டி இழுக்கவில்லை" என்று சொல்லப்படுகிற பழைய வண்டிகளில் கணிசமானவை என்ஜின் போதாமல் இழுக்காதவை அல்ல. வேறு கோளாறுகளால் இழுக்காதவை. எங்கள் வண்டியிலேயே இரண்டு கோளாறுகள் வெளிப்பட்டன. ஆக்சிலரேட்டர் கேபிள் தளர்ந்துபோய், காலை அடியோடு மிதித்தாலும் பம்ப் நெம்புகோல் முழுவதும் திறக்கவில்லை. இதைச் சரிசெய்ய ஆன செலவைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. இரண்டாவது, பின்சக்கர பிரேக் ஒன்று விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. சமதரையில் கியரை நியூட்ரலில் போட்டு இரண்டு பேர் தள்ளினால் வெறும் வண்டி உருள வேண்டும். உருளவில்லையென்றால் என்ஜினைக் குறை சொல்லிப் பயனில்லை. மலையிலிருந்து இறங்கி வந்ததும் நான்கு சக்கர டிரம்களின் அருகே கையைக் கொண்டுபோய்ப் பார்த்தால், எது மட்டும் அளவுக்கு மீறிச் சுடுகிறது என்பது தெரிந்துவிடும். தொட்டுப் பார்க்க வேண்டாம், தோல் உரிந்துவிடும்.

அடுத்தது புகை. கரும்புகை என்றால் டீசலுக்கு ஏற்ற காற்று கிடைக்கவில்லை, அல்லது நாசில் சரியாகத் தெளிக்கவில்லை. ஏர் ஃபில்டரைக் கழற்றிப் பார்ப்பதற்குக் காசு செலவில்லை. நீலப்புகை என்றால் எண்ணெய் எரிகிறது. ரிங், போர் தேய்ந்திருக்கும். என்ஜின் சூடான பிறகும் வெண்புகை வந்தால் பம்ப் டைமிங்கையோ கம்ப்ரஷனையோ சந்தேகிக்க வேண்டும். என்ஜின் ஓடும்போது எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்தால் அங்கிருந்து புகை குபுகுபுவென்று வருமானால் அந்த என்ஜின் வேலைக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். டீசல் பம்ப் பட்டறையில் நாசிலையும் பம்பையும் சோதனை மேசையில் வைத்துப் பார்க்கச் சொல்லலாம். நம் பக்கத்தில் லாரித் தொழில் செழித்திருப்பதால் இந்த வேலை தெரிந்த பட்டறைகளுக்குக் குறைவில்லை.

கிளட்ச் வழுக்குவதையும் பலர் என்ஜின் பலவீனம் என்றே நினைத்துவிடுகிறார்கள். ஏற்றத்தில் மிதிக்கும்போது என்ஜின் சத்தம் மட்டும் ஏறி, வண்டி வேகம் ஏறாமலிருந்தால் அது கிளட்ச் கோளாறு.

இவ்வளவையும் சரிசெய்த பிறகு எங்கள் வண்டி கொஞ்சம் தேறியது. ஆனாலும் முழுச் சரக்கோடு வளைவில் இரண்டாவது கியர் ஏற்கவில்லை. "இதுக்கு மேல வண்டியில கோளாறு இல்லீங்க முதலாளி, என்ஜின் அளவே அவ்வளவுதானுங்க" என்றார் மெக்கானிக். அவர் சொன்னது சரிதானா என்று கணக்குப் போட்டுப் பார்த்தோம்.

குதிரைத் திறனைப் பார்த்து ஏமாற வேண்டாம்

எங்கள் வண்டியில் இருக்கும் என்ஜினின் பெயர் எக்ஸ்.டி.பி. 4.90. பிரான்சு நாட்டின் பெஜோ நிறுவனத்திடம் 1979இல் உரிமம் பெற்று மஹிந்திரா தயாரித்தது. பெயரிலேயே அதன் அளவு இருக்கிறது: 4 சிலிண்டர், ஒவ்வொன்றும் 90 மில்லிமீட்டர் குறுக்களவு. பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 83 மில்லிமீட்டர். மொத்தக் கொள்ளளவு 2112 சி.சி. திறன், நிமிடத்துக்கு 4500 சுற்றில் 62 குதிரைத் திறன். இழுவை, அதாவது டார்க், 2000 சுற்றில் 12.3 கிலோகிராம்-மீட்டர்.

அதே நிறுவனத்தின் டி.ஐ. என்ஜினை எடுத்துக்கொள்வோம். இதன் மூலம் டிராக்டர் வழி வந்தது. இன்டர்நேஷனல் நிறுவனத்தின் டிராக்டர் என்ஜின் குடும்பம். சிலிண்டர் குறுக்களவு 88.9 மில்லிமீட்டர், பிஸ்டன் ஓடும் தூரம் 101.6 மில்லிமீட்டர், கொள்ளளவு 2523 சி.சி. டர்போ பொருத்தி பொலிரோவில் வந்த வகையின் திறன் 3200 சுற்றில் 63 குதிரைத் திறன். 62க்கும் 63க்கும் ஒன்றுதானே வித்தியாசம், இதற்காகவா இவ்வளவு செலவு என்று தோன்றும். எங்களுக்கும் தோன்றியது.

வித்தியாசம் இருப்பது அடுத்த வரியில். டர்போ டி.ஐ.யின் இழுவை சுமார் 18 கிலோகிராம்-மீட்டர். அதுவும் 1500 சுற்றை ஒட்டியே கிடைத்துவிடுகிறது. இழுவையைச் சுற்றால் பெருக்கி 716ஆல் வகுத்தால் அந்தச் சுற்றில் கிடைக்கும் குதிரைத் திறன் வரும். எக்ஸ்.டி.பி. 2000 சுற்றில் தருவது 34 குதிரைத் திறன். டி.ஐ. 1500 சுற்றிலேயே 37க்கு மேல் தருகிறது. வளைவில் திரும்பும்போது வண்டியின் வேகம் குறைந்து, என்ஜின் சுற்றும் குறைந்துதான் இருக்கும். 4500 சுற்றில் கிடைக்கிற 62 குதிரைகள் அப்போது லாயத்தில் இருக்கின்றன, வண்டியில் பூட்டப்படவில்லை.

வளைவில் எவ்வளவு இழுவை தேவை? வண்டி, சரக்கு, ஆட்கள் எல்லாம் சேர்ந்து 3000 கிலோ என்று வைத்துக்கொள்வோம். வளைவின் ஏற்றம் பத்துக்கு ஒன்று என்று கொள்வோம். ஏற்றத்துக்கு மட்டும் 300 கிலோ விசை. டயர் உருள்வதற்கு நூற்றுக்கு ஒன்றரை வீதம் 45 கிலோ. ஆக 345 கிலோ. டயரின் ஆரம் 35 சென்டிமீட்டர் என்றால், பின் அச்சில் தேவைப்படும் முறுக்கு சுமார் 121 கிலோகிராம்-மீட்டர். இரண்டாவது கியரும் கிரவுன் பினியனும் சேர்ந்து 11 மடங்கு பெருக்குகின்றன. வழியில் 15 சதவீதம் உராய்வில் போகிறது என்று கொண்டால் கைக்கு வருவது 9.35 மடங்கு. 121ஐ 9.35ஆல் வகுத்தால், என்ஜின் தர வேண்டியது 12.9 கிலோகிராம்-மீட்டர்.

எக்ஸ்.டி.பி. புதிதாக இருந்தபோதே தந்தது 12.3. மெக்கானிக் சொன்னது சரிதான்.

இன்னும் ஒன்று இருக்கிறது. கொல்லிமலை கடல் மட்டத்திலிருந்து 1000 முதல் 1300 மீட்டர் உயரம். 1200 மீட்டரில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிடப் பத்து சதவீதத்துக்குச் சற்று மேல் குறைந்துவிடுகிறது. டர்போ இல்லாத என்ஜின் வெளிக்காற்றைத் தானே உறிஞ்சிக்கொள்வதால் அந்த அளவுக்கு அதன் இழுவையும் குறையும். அதாவது, மேல் வளைவுகளை எட்டும்போது எங்கள் 12.3 என்பது 11 ஆகிவிடுகிறது. வண்டி களைத்துப்போனது என்று நாம் நினைப்பது பெரும்பாலும் இதுதான். டர்போ உள்ள என்ஜின் காற்றை அழுத்தி உள்ளே தள்ளுவதால் இந்த இழப்பு அதற்கு மிகக் குறைவு. ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் காய்கறி ஏற்றப் போகிறவர்கள் டர்போ வண்டியையே விரும்புவதற்கும் இதுதான் காரணம்.

அவரவர் வண்டிக்கு இந்தக் கணக்கைப் போட மூன்று எண்கள் வேண்டும்: எடை மேடையில் நிறுத்திய மொத்த எடை, கியர் பாக்ஸ் விகிதம், கிரவுன் பினியன் பல் எண்ணிக்கை. முதலாவதை எடை மேடை சொல்லும், மற்ற இரண்டையும் நல்ல மெக்கானிக் சொல்லிவிடுவார்.

எங்களிடம் சொல்லப்பட்ட என்ஜின்கள்

முதல் யோசனை, இருக்கிற என்ஜினுக்கே டர்போ போடுவது. இதை நாங்கள் உடனே ஒதுக்கிவிட்டோம். எக்ஸ்.டி.பி. தனி அறையில் எரிந்து பிறகு சிலிண்டருக்குள் வரும் வகை. அழுத்த விகிதம் ஏற்கெனவே அதிகம். அதன் மேல் காற்றைத் திணித்தால் ஹெட்டும் கேஸ்கட்டும் தாங்குமா என்பதை நம் காசில் சோதித்துப் பார்க்க வேண்டிய அவசியம் இல்லை.

இரண்டாவது, டெம்போ வண்டிகளில் வந்த மெர்சிடிஸ் உரிம என்ஜின். 2.4 லிட்டர், நீண்ட காலம் உழைப்பது, உதிரிபாகம் எங்கும் கிடைக்கும். இன்று ஃபோர்ஸ் என்று பெயர் பெற்றுள்ள பஜாஜ் டெம்போ நிறுவனம் தயாரித்தது. நல்ல என்ஜின் என்பதில் எங்களுக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் டர்போ இல்லாத அந்த வகையின் இழுவை சுமார் 14தான். மலை உச்சியில் அதுவும் பன்னிரண்டரை ஆகிவிடும். இவ்வளவு செலவு செய்து, வேறு நிறுவனத்தின் என்ஜினைப் பொருத்தி, கடைசியில் அதே வளைவில் அதே முதல் கியரைப் போடுவதா?

மூன்றாவது, சென்னைப் புதுப்பேட்டையிலும் கோவை உக்கடத்திலும் கிடைக்கும் பழைய ஜப்பான் என்ஜின்கள். டொயோட்டா, இசுசு, நிசான் என்று பெயர்களைக் கேட்டாலே ஆசை வரும். ஓடும்போது அருமையாக ஓடும் என்றும் சொல்கிறார்கள். ஒரு வாட்டர் பம்ப் போனால் மாற்றுப் பம்ப் வரும்வரை வண்டி நிற்கும், கடையில் சரக்கும் நிற்கும். இதைவிடப் பெரிய தடையும் இருக்கிறது. அதைச் சட்டத்தைப் பற்றி எழுதும்போது சொல்கிறோம்.

நான்காவது, புதிய காமன் ரயில் என்ஜின். இழுவை டர்போ டி.ஐ.யைவிடக் கூடுதல், டீசலும் சிக்கனம். ஆனால் அதற்கென்று ஒரு கம்ப்யூட்டர் பெட்டி, சென்சார்கள், வயர் கட்டு எல்லாம் சேர்ந்து வர வேண்டும். நாற்பதாவது வளைவில் நின்றுவிட்டால் ஸ்பானர் வைத்துக்கொண்டு யாரும் ஒன்றும் செய்ய முடியாது. பழைய வண்டிக்கு இது பொருந்தாது என்பது எங்கள் கருத்து.

ஆக, இழுவையை மட்டும் வைத்துப் பார்த்தால் மிஞ்சுவது அதே நிறுவனத்தின் டர்போ டி.ஐ. மட்டுமே. நேரடியாக டீசலைத் தெளிக்கும் வகை என்பதால் டீசல் செலவும் குறையும். பழைய வகையோடு ஒப்பிட்டால் பத்து சதவீதத்துக்கு மேல் மிச்சப்படும். டர்போ இல்லாத டி.ஐ.யும் சந்தையில் உண்டு. விலை பேசும்போது எது என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

என்ஜினோடு மாறுகிற மற்றவை

என்ஜினை மாற்றுவது என்றால் பழையதை இறக்கி, புதியதை உட்கார வைத்து, நான்கு போல்ட் முடுக்குவது என்று நினைத்திருந்தோம். பட்டியலை எழுதத் தொடங்கியபோது தாள் போதவில்லை. என்ஜின் மவுண்டிங், கிளட்ச் ஹவுசிங், கிளட்ச் பிளேட், ரேடியேட்டர், சைலன்சர் குழாய், ஸ்டார்ட்டர், வயரிங், புரொப்பெல்லர் ஷாஃப்ட் நீளம் என்று போகிறது. டி.ஐ. என்ஜின் வார்ப்பிரும்பு, எடை கூடியது. முன் பட்டைக் கட்டு தாழ்ந்துவிடும். 12 கிலோகிராம்-மீட்டருக்காகச் செய்த கியர் பாக்ஸில் 18ஐத் திணித்தால் அது எத்தனை நாள் தாங்கும் என்பதையும் கேட்க வேண்டும். என்ஜினோடு அதற்கு உரிய கியர் பாக்ஸையும் சேர்த்து வாங்குவதே நல்லது.

இவற்றையெல்லாம் தப்பாகச் செய்தால் பணம் போகும். இப்போது சொல்லப்போகிற இரண்டையும் தப்பாகச் செய்தால் உயிர் போகும்.

ஒன்று, பிரேக்கின் வேக்குவம். பிரேக் மிதியை லேசாக மிதித்தாலே வண்டி நிற்பதற்குக் காரணம் பூஸ்டர் என்கிற வட்டப் பெட்டி. அது வேலை செய்யக் காற்றற்ற வெற்றிடம் வேண்டும். பெட்ரோல் என்ஜினில் அந்த வெற்றிடம் தானாகக் கிடைக்கும், டீசல் என்ஜினில் கிடைக்காது. அதற்கென்று தனி வேக்குவம் பம்ப் உண்டு. பெரும்பாலும் ஆல்டர்னேட்டரோடு சேர்ந்திருக்கும். பழைய என்ஜின் விற்பவர்கள் ஆல்டர்னேட்டரைத் தனியாகக் கழற்றி விற்றுவிடுவது வழக்கம். பிறகு பட்டறையில் கையில் கிடைத்த ஆல்டர்னேட்டரைப் பொருத்துவார்கள். பாட்டரி சார்ஜ் ஆகும், விளக்கு எரியும், எல்லாம் சரி என்று வண்டியைக் கொடுத்துவிடுவார்கள். எங்களுக்குத் தெரிந்த வணிகர் ஒருவர் இப்படி வாங்கி வந்த வண்டியில் பலா ஏற்றிக்கொண்டு இறங்கினார். மேலே இரண்டு மூன்று வளைவுகளில் பிரேக் பிடித்தது. பிறகு மிதி கல்லாகிவிட்டது. இரண்டு காலையும் வைத்து மிதித்து, மலைப் பக்கச் சுவரில் உரசித்தான் நிறுத்தினார். கதவு நசுங்கியதோடு போயிற்று. மறுபக்கம் பள்ளம்.

இதைச் சோதிப்பது எளிது. என்ஜினை நிறுத்திவிட்டு, மிதி இறுகும்வரை நாலைந்து முறை மிதிக்க வேண்டும். இறுகிய மிதியின் மேல் காலை வைத்துக்கொண்டே என்ஜினை ஸ்டார்ட் செய்தால் மிதி தானாகக் கொஞ்சம் கீழே இறங்க வேண்டும். இறங்கவில்லையென்றால் அந்த வண்டியைப் பட்டறை வாசலைத் தாண்டி எடுக்கக் கூடாது. இறக்கத்தில் என்ஜினை நிறுத்தி டீசல் மிச்சம் பிடிக்கிறவர்களும் இதை நினைத்துப் பார்க்க வேண்டும். என்ஜின் நின்றால் வேக்குவம் பம்பும் நிற்கிறது.

இரண்டாவது, இறக்கத்தில் என்ஜினின் சுற்று. எக்ஸ்.டி.பி. 4500 சுற்று வரை போகும். டி.ஐ.யின் எல்லை 3200. நாம் மிதிக்கும்போது அந்த எல்லையைத் தாண்டவிடாமல் கவர்னர் டீசலைக் குறைத்துவிடும். ஆனால் இறக்கத்தில் சரக்குதான் வண்டியைத் தள்ளுகிறது. சக்கரம் என்ஜினைச் சுற்றுகிறது. கவர்னர் டீசலை அடியோடு நிறுத்தினாலும் சுற்று ஏறிக்கொண்டுதான் போகும். மேலே சொன்ன 11 மடங்கு இரண்டாவது கியரில், பழைய என்ஜினோடு 50 கிலோமீட்டர் வேகத்தில் இறங்கிப் பழகிய டிரைவர், புதிய என்ஜினோடு 38ஐத் தாண்டினாலே 3200ஐத் தாண்டிவிடுகிறார். வால்வும் பிஸ்டனும் மோதிக்கொண்டால் என்ஜினும் போகும், இறக்கத்தில் நம்மைப் பிடித்துக்கொண்டிருந்த தடையும் போகும். என்ஜின் மாற்றிய வண்டியை டிரைவரிடம் கொடுக்கும்போது இதைச் சொல்லிக் கொடுக்க வேண்டும். ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும் என்ற பழைய பாடம் இங்கே அப்படியே பொருந்தாது. ஏறுவதற்கு மூன்றாவது கியர் ஏற்கிற பலமான என்ஜினாக இருந்தாலும் இறங்குவதற்கு இரண்டாவதுதான்.

சமவெளியில் வேகம் குறைந்துவிடுமே என்று சிலர் கேட்டார்கள். 3200 சுற்றோடு நின்றுவிடுவதால் உச்ச வேகம் குறையத்தான் செய்யும். எங்கள் டயர் அளவுக்கும் 4.88 விகிதக் கிரவுன் பினியனுக்கும் கணக்குப் போட்டால் 86 கிலோமீட்டர் வருகிறது. அரிசி மூட்டையோடு அதற்கு மேல் யார் போகப் போகிறார்கள்?

ஆர்.சி. புத்தகமும் இன்சூரன்சும்

இதைக் கடைசியில் எழுதினாலும், செய்ய வேண்டியது முதலில்.

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு வண்டியில் செய்யும் மாற்றங்களைப் பற்றியது. 2000ஆம் ஆண்டில் அது திருத்தப்பட்ட பிறகு, தயாரிப்பாளர் முதலில் குறித்த விவரங்களிலிருந்து ஆர்.சி. விவரம் மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்பதே பொது விதி. 2019 ஜனவரியில், கேரளத்திலிருந்து வந்த வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டில் வந்த சட்டத் திருத்தம், அனுமதிக்கப்படாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் வண்டி உரிமையாளருக்கு 5000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம் என்கிறது. மாற்றம் செய்தவர் 14 நாட்களுக்குள் பதிவு அலுவலகத்தில் தெரிவிக்க வேண்டும் என்பதும், தவணை முடியாத வண்டியானால் கடன் கொடுத்தவரின் எழுத்துப்பூர்வமான சம்மதம் வேண்டும் என்பதும் 52ஆம் பிரிவிலேயே உள்ளவை.

இதை நம் மொழியில் சொன்னால்: பழுதான என்ஜினுக்குப் பதிலாக அதே நிறுவனத்தின் அதே வகை என்ஜினைப் போட்டு, எண்ணை ஆர்.சி.யில் ஏற்ற வழி உண்டு. வேறு நிறுவன என்ஜினுக்கு இடமில்லை. ஜப்பான் என்ஜின் ஆசைக்கு நாங்கள் முற்றுப்புள்ளி வைத்தது இதனால்தான். அதே நிறுவனத்தின் வேறு வகை என்ஜின்? வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்டு, பதிலைக் கையில் வாங்கிய பிறகே முன்பணம் கொடுக்க வேண்டிய விஷயம் அது. "எஃப்.சி. நாங்க பாத்துக்கிறோம்" என்று பட்டறைக்காரர் சொல்வதைப் பதிலாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

நம்மில் பலர் அபராதத்தை மட்டும் நினைத்து, பிடிபட்டால் கட்டிவிடலாம் என்று இருந்துவிடுகிறோம். உண்மையான ஆபத்து இன்சூரன்சில் இருக்கிறது. விபத்து நடந்தபின் ஆய்வுக்கு வருகிறவர் முதலில் பார்ப்பது என்ஜின் எண்ணையும் சேசிஸ் எண்ணையும்தான். ஆர்.சி.யில் ஒன்று, வண்டியில் ஒன்று என்றிருந்தால் நம் கோரிக்கை அங்கேயே சிக்கிக்கொள்ளும். வண்டிச் சேதம் நம் நட்டம் என்று விட்டுவிடலாம். டிரைவருக்கோ வழியில் போன ஒருவருக்கோ ஏதாவது ஆனால், நிறுவனம் கையை விரித்துவிட்டு நம்மைக் கைகாட்டும். ஆயுள் முழுதும் சேர்த்த கடை அதில் போய்விடும்.

பழைய என்ஜின் எதை வாங்கினாலும் எண் பொறித்த ரசீது, அது எந்த வண்டியிலிருந்து வந்தது என்பதற்கான தாள் இரண்டும் வேண்டும். எண் தேய்க்கப்பட்டிருந்தால், இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

இன்னொன்று: என்ஜின் பெரிதானால் ஆர்.சி.யில் குறித்த சரக்கு எடை கூடாது. அச்சு, பட்டை, பிரேக் எல்லாம் பழையவைதான்.

நாங்கள் செய்தது

எழுதிக் கேட்டோம். அதே வகை என்ஜின் என்றால் பதிவு செய்யலாம், வேறு வகைக்கு இயலாது என்பதுதான் எங்களுக்குக் கிடைத்த பதில். வருத்தம்தான். அதன் பிறகு மறுபடியும் கணக்கை எடுத்துவைத்து வேறு பக்கத்திலிருந்து போட்டுப் பார்த்தோம்.

டர்போ டி.ஐ. போட்டிருந்தால் என்ன மிச்சமாகியிருக்கும்? செம்மேட்டிலிருந்து நாமக்கல் போய்வர சுமார் 110 கிலோமீட்டர். லிட்டருக்கு 9 கிலோமீட்டர் தருகிற வண்டி 11 தந்தால், ஒரு நடைக்கு 2 லிட்டருக்குச் சற்று மேல் மிச்சம். வருடத்துக்கு 150 நடை என்றால் 330 லிட்டர். டீசல் 90 ரூபாய் என்று போட்டால் வருடத்துக்கு 30,000 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. என்ஜின், கியர் பாக்ஸ், கூலி எல்லாம் சேர்த்து 1,20,000 ஆகும் என்று வைத்துக்கொண்டால் நான்கு வருடத்தில் திரும்பும். அந்த நான்கு வருடமும் பழைய வண்டிக்கு எஃப்.சி. கிடைத்துக்கொண்டே இருக்க வேண்டும். எட்டு வருடம் தாண்டிய சரக்கு வண்டிக்கு ஆண்டுதோறும் எஃப்.சி.; பதினைந்து தாண்டினால் 2022 முதல் கட்டணமும் கூடுதல்.

என்ஜினைத் தொடாமல் எடையைக் குறைத்தால்? மொத்த எடை 3000க்குப் பதில் 2500 கிலோ. ஏற்றத்துக்கு 250, உருள்வதற்கு 37.5, ஆக 287.5 கிலோ. அதே வழியில் கணக்குப் போட்டால் என்ஜின் தர வேண்டியது 10.8 கிலோகிராம்-மீட்டர். மலை உச்சியில் எங்கள் என்ஜின் தருவது 11. மயிரிழைதான், ஆனால் இரண்டாவது கியர் ஏற்கும். 500 கிலோ என்பது 50 கிலோ மூட்டையில் பத்து மூட்டை.

எக்ஸ்.டி.பி.யை இறக்கி, போர் செய்து, ரிங், நாசில், பம்ப் வேலை முடித்து, ரேடியேட்டரையும் சுத்தம் செய்து மாட்டினோம். நடைக்குப் பத்து மூட்டை குறைத்தோம். வாரத்துக்கு மூன்று நடையாக இருந்தது நான்காயிற்று. நான்காவது நடைக்கு ஆகும் டீசலையும் டிரைவர் படியையும் மூட்டைக்கு இவ்வளவு என்று பிரித்து அடக்க விலையில் சேர்த்துப் பார்த்தால், கிலோவுக்குச் சில்லறைக் காசுதான் கூடுகிறது. திரும்பும் நடையில் பக்கத்து விவசாயிகளின் வாழைத்தாரையும் அன்னாசியையும் வாடகைக்கு ஏற்றுவதால் அதுவும் ஓரளவு ஈடாகிவிடுகிறது. கணக்கு ஒட்டாமல் போகிற நாளில் இந்த வண்டியை விற்றுவிட்டு, கம்பெனியிலேயே டர்போ டி.ஐ. பொருத்தி வந்த பழைய பிக்கப் ஒன்றை முறையான தாள்களோடு வாங்குவதாக இருக்கிறோம். பழைய வண்டியில் அதே என்ஜினைத் திணிப்பதைவிட அது மலிவாகவே முடியும் என்று விலை விசாரித்ததில் தெரிகிறது.

வளைவுகளில் இப்போது இரண்டாவது கியர் ஏற்கிறது. மிகக் குறுகலான ஓரிரு வளைவுகளில் மட்டும் முதல் கியர். கட்டை வண்டிக்குள்தான் கிடக்கிறது. கடைப் பையன் டிரைவருக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து வருகிறான்.